புரதம் கட்டும் பெட்டி: ஒரு கல்வியாண்டு பயன்படுத்திய பிறகு

சேரன்மகாதேவி வட்டாரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறவன் நான். “அமினோ அமிலங்கள் பெப்டைடு பிணைப்பால் சங்கிலியாக இணைந்து புரதமாகின்றன” என்ற வாக்கியத்தை ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதுகிறேன். பிள்ளைகளும் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் வெறும் சங்கிலி ஓரிடத்தில் தலைமுடியாகவும், இன்னோரிடத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினாகவும், வேறோரிடத்தில் சாப்பிட்ட பருப்பைச் செரிக்க வைக்கும் நொதியாகவும் எப்படி ஆகிறது என்று திருப்பிக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பல ஆண்டுகள் பிச்சிப்பூச் சரம் ஒன்றைக் கையில் பிடித்துக் காட்டித்தான் சமாளித்து வந்தேன். பூக்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதைச் சரம் காட்டும். அந்த வரிசையே சரத்தை மடித்து ஓர் உருவத்துக்குக் கொண்டுவரும் என்பதை எந்தப் பூச்சரத்தாலும் காட்ட முடியாது.

அந்தக் குறைக்காகத்தான் சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், இணையத்தில் விற்கும் புரத மாதிரிப் பெட்டி ஒன்றை ரூ. 3,450 கொடுத்துச் சொந்தப் பணத்தில் வாங்கினேன். தயாரிப்பாளரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை; ஏறக்குறைய இதே அமைப்பில் பல பெட்டிகள் விற்பனைக்கு வருகின்றன என்பதால், எதை வாங்கினாலும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைச் சொல்வதே பயன் தரும் என்று நினைக்கிறேன்.

பெட்டிக்குள் 60 பிளாஸ்டிக் கண்ணிகள் இருந்தன. ஒவ்வொரு கண்ணியும் ஓர் அமினோ அமிலத்தின் பொதுவான உடல்: நடுவில் ஆல்ஃபா கார்பனைக் குறிக்கும் உருண்டை, ஒரு பக்கம் அமினோ கை, மறுபக்கம் கார்பாக்சில் கை, மேலே, ஓர் அமினோ அமிலத்தை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்தும் பக்கச் சங்கிலியைச் செருக ஒரு துளை. செருகுவதற்கான முளைகள் 20 வகை, வகைக்கு 6 வீதம் 120. எண்ணெய்த் தன்மை உள்ளவை மஞ்சள், நீரோடு ஒட்டுபவை வெள்ளை, நேர்மின்னூட்டம் உள்ளவை நீலம், எதிர்மின்னூட்டம் உள்ளவை சிவப்பு, சிஸ்டைன் மட்டும் பச்சை. கிளைசினுக்கு முளை என்ற பெயரில் ஒரு பொட்டு. அதன் பக்கச் சங்கிலி ஒற்றை ஹைட்ரஜன்தான் என்பதால் அது சரியே. புரோலினின் முளை வளைந்து வந்து தன் அமினோ கையையே கவ்விக்கொள்கிறது. புரோலின் வரும் இடத்தில் சங்கிலி ஏன் விறைத்துப் போகிறது என்பதைப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். இதை வடிவமைத்தவர் வேதியியல் தெரிந்தவர் என்று எனக்கு அப்போது தோன்றியது.

பெட்டியின் மிகச் சிறந்த அம்சம் நீர்தான். ஒவ்வொரு கண்ணியின் கார்பாக்சில் கையிலும் ஒரு மூடி, அமினோ கையில் ஒரு மூடி. இரண்டு கண்ணிகளைச் சேர்க்க வேண்டுமானால் முதலாவதன் கார்பாக்சில் மூடியையும் அடுத்ததன் அமினோ மூடியையும் கழற்றியே ஆக வேண்டும். கழற்றிய இரண்டையும் ஒன்றோடொன்று அழுத்தினால் அவை ஒரு நீர் மூலக்கூறாகிவிடுகின்றன. கைகளும் ஒரே திசையில்தான் பொருந்தும் என்பதால், சங்கிலி அமினோ முனையில் தொடங்கிக் கார்பாக்சில் முனை நோக்கி மட்டுமே வளரும். உயிருள்ள செல்லில் புரதத்தைக் கோக்கும் எந்திரமான ரைபோசோம் செய்வதும் அதே திசையில்தான்.

முதல் பாடமாக இன்சுலினை எடுத்துக்கொண்டோம். மனித இன்சுலினில் ஏ சங்கிலிக்கு 21, பி சங்கிலிக்கு 30, ஆக 51 அமினோ அமிலங்கள். மாட்டு இன்சுலினின் முழு வரிசையையும் 1955-க்குள் ஃபிரெடரிக் சாங்கர் கண்டறிந்து, அதற்காக 1958-இல் நோபல் பரிசு பெற்றார். புரதத்துக்குத் திட்டமான வரிசை ஒன்று உண்டு என்பதே அந்த வேலைக்குப் பிறகுதான் சந்தேகமில்லாமல் நிலைபெற்றது. கட்டத் தொடங்குமுன், “51 அமினோ அமிலம் சேர்ந்தால் எத்தனை நீர் மூலக்கூறு வெளியேறும்?” என்று கேட்டேன். சூத்திரம் தெரிந்த பிள்ளைகள் ஒன்றைக் கழித்து 50 என்றார்கள். கழன்று விழுந்த நீர்களை ஓர் எவர்சில்வர் டம்ளரில் போட்டுக்கொண்டே வந்தோம். முடிவில் கொட்டி எண்ணியபோது 49 இருந்தது. ஒன்று மேசைக்கடியில் விழுந்திருக்கும் என்று இரண்டு பேர் குனிந்து தேடினார்கள். மூன்றாவது பெண் மட்டும் இரண்டு சங்கிலிகளையும் பார்த்துவிட்டு, “சார், இது ரெண்டு சங்கிலி, 20-உம் 29-உம்தானே?” என்றாள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் பாதி தேறிவிட்டது.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். நீர் வெளியேறும் இந்தக் கணக்கு மொத்த வரவுசெலவில் சரியானது. ஆனால் செல்லுக்குள் இரண்டு அமினோ அமிலங்கள் நேருக்கு நேர் சந்தித்து நீரை உதறிவிட்டுக் கைகோப்பதில்லை. ஒவ்வோர் அமினோ அமிலமும் முதலில், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து, தன்னை ரைபோசோமுக்குச் சுமந்து செல்லும் கடத்து ஆர்.என்.ஏ.வோடு பிணைக்கப்படுகிறது, ரைபோசோமில் அந்தப் பிணைப்பு பெப்டைடு பிணைப்பாகக் கைமாறுகிறது. பெட்டியின் கையேடு இதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

இன்சுலின் கட்டுவதில்தான் எங்கள் முதல் தடங்கலும் வந்தது. இன்சுலினுக்கு லியூசின் 6, சிஸ்டைன் 6 தேவை. பெட்டியில் வகைக்கு 6 முளைகள்தான் என்பதால் ஒன்றுகூட உபரி கிடையாது. எங்கள் பெட்டியில் பச்சை முளைகள் 5 மட்டுமே இருந்தன. சிஸ்டைனின் பக்கச் சங்கிலியில் கந்தகம் இருக்கிறது. இரண்டு சிஸ்டைன்களின் கந்தகங்கள் சேர்ந்தால் டைசல்பைடு பாலம் உண்டாகிறது. இன்சுலினில் அப்படி மூன்று பாலங்கள்: இரண்டு பாலங்கள் இரு சங்கிலிகளையும் ஒன்றோடொன்று தைக்கின்றன, மூன்றாவது ஏ சங்கிலிக்குள்ளேயே 6-ஆம், 11-ஆம் இடங்களை இணைக்கிறது. ஒரு முளை குறைந்ததால் எங்கள் இன்சுலின் ஒரு தையல் விட்டுப்போன சட்டை போலவே நின்றது.

தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இருப்பைச் சரிபார்த்துச் சொல்கிறோம் என்று இரண்டு முறை பதில் வந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு சிறு பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே 6 நீல முளைகள். சிஸ்டைன் கேட்டவனுக்கு லைசின் அனுப்பியிருந்தார்கள். வரிசையில் ஒன்று மாறினால் என்னவாகும் என்று பாடம் நடத்தும் பொருளை விற்பவர்கள் இப்படிச் செய்ததை வகுப்பில் சொல்லிச் சிரித்துக்கொண்டோம். அதன் பிறகு கோபம் வரவில்லை.

பொட்டலத்துக்குக் காத்திருந்த நாட்களிலேயே வழி வேறு பக்கம் பிறந்தது. அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான் கடையும் பட்டறைகளில் ஒன்றுக்கு, இருந்த 5 முளைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, “இதென்ன சார்வாள், பம்பரமும் இல்லாம சொப்பும் இல்லாம ஒரு சாமான்?” என்று கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்க என்று சொன்னதும், மேற்கொண்டு கேட்காமல் கடைசல் எந்திரத்தில் ஒரு துண்டு மரத்தைப் பூட்டினார். அடிப்பகுதியைத் துளைக்குப் பொருந்தும்படி மெலிதாக்கி, தலைப்பகுதியில், இரண்டு பச்சை முளைகளை இணைக்கும் பாலக் கவ்வி அமர ஒரு கோடு பள்ளமாக இழுத்து, கடைசியாகச் சுழலும் மரத்தின்மீது பச்சை அரக்குக் குச்சியை அழுத்தினார். சூட்டில் அரக்கு உருகி மரத்தில் சீராகப் படர்ந்தது. பத்து முளைகளுக்கு 200 ரூபாய். பிளாஸ்டிக்கைவிட இவை பாலக் கவ்வியை இறுக்கமாகப் பிடிக்கின்றன. வருட முடிவில் பழைய பச்சை முளைகளில் இரண்டின் தலை உடைந்துவிட்டது, கடைசல் முளைகளில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆறு முளைகளும் சேர்ந்த பிறகு நான் நடத்திய பாடம் கையேட்டில் இல்லாதது. ஆறு சிஸ்டைன்களை இரண்டிரண்டாக எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? முதலாவதற்கு 5 துணை, மிஞ்சிய நான்கில் ஒன்றுக்கு 3, கடைசி இரண்டுக்கு 1. ஆக 15 வழி. பிள்ளைகள் குழுக்களாகப் பிரிந்து 15-ஐயும் கட்டிப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்றுதான் இன்சுலின். மற்ற 14-இலும் வரிசை அதே வரிசை, பிணைப்புகளின் எண்ணிக்கையும் அதே எண்ணிக்கை, ஆனால் உருவம் வேறு. 124 அமினோ அமிலங்களும் 8 சிஸ்டைன்களும் உள்ள ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியில் இந்தக் கணக்கு 105 வழிகளாகிறது. கிறிஸ்டியன் அன்ஃபின்சன் அந்த நொதியை யூரியாவில் குலைத்து, பாலங்களை அறுத்து, பிறகு குலைத்த பொருளை மெல்ல நீக்கியபோது அது 105-இல் சரியான ஒன்றைத் தானாகவே தேடிப் பிடித்து மறுபடி வேலை செய்யத் தொடங்கியது. மடிப்பதற்கான குறிப்பு முழுவதும் வரிசைக்குள்ளேயே இருக்கிறது என்ற அந்த முடிவுக்கு 1972-இல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லுக்குள் சில புரதங்களுக்குத் துணைப் புரதங்களின் உதவி வேண்டியிருக்கிறது என்றாலும் அடிப்படை இதுதான்.

இதே இடத்தில் கையேடு செய்யும் ஒரு பெரும்பிழையையும் சுட்ட வேண்டும். ஏ சங்கிலியைத் தனியாகவும் பி சங்கிலியைத் தனியாகவும் கட்டி, பிறகு பாலம் போடச் சொல்கிறது கையேடு. கணையத்தில் அப்படி நடப்பதில்லை. இன்சுலின் முதலில் 110 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலியாகவே உருவாகிறது. செல்லுக்குள் வழிகாட்டும் முன்பகுதியாகிய 24 வெட்டப்பட்டு 86 மிஞ்சுகிறது. அது ஒரே சங்கிலியாக மடிந்து, பாலங்கள் சரியான இடங்களில் விழுந்த பிறகு, இடையில் உள்ள துண்டு வெட்டி எடுக்கப்படுகிறது. அதனால்தான் வரிசை மடிப்பைத் தீர்மானிக்க முடிகிறது. தனித்தனியாக இரண்டு துண்டுகளைக் கலந்து வைத்தால் சரியான ஜோடிகள் சேர்வது மிகவும் கடினம். 60 கண்ணிகளை மட்டும் கொடுத்துவிட்டு 86 கண்ணிகளின் கதையைச் சொல்ல முடியாது என்பதால் தயாரிப்பாளர் இதை விட்டிருக்கலாம். ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.

இனி, இந்தப் பெட்டியில் எனக்கு மிகுந்த மனக்குறையைத் தந்த விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கண்ணிகளை இணைத்ததும் இடையில் உண்டாகும் பெப்டைடு பகுதி இதில் ஒரு தட்டைப் பலகை போல விறைத்து நிற்கிறது, எவ்வளவு முறுக்கினாலும் திரும்புவதில்லை. இது மிகச் சரி. பெப்டைடு பிணைப்பில் உள்ள கார்பன்–நைட்ரஜன் இணைப்பு பாதி இரட்டைப் பிணைப்பின் தன்மை கொண்டது. அதனால் சுற்றி உள்ள ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் படுத்துக் கிடக்கின்றன. லைனஸ் பாலிங் 1948-இல் சளி பிடித்துப் படுக்கையில் கிடந்தபோது, ஒரு காகிதத்தில் சங்கிலியை வரைந்து, இந்தத் தளங்களை மட்டும் விறைப்பாக வைத்துக்கொண்டு மடித்து மடித்துப் பார்த்துத்தான் ஆல்ஃபா சுருளைக் கண்டார்; 1951-இல் அது வெளியானது. ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். ஒவ்வொரு கண்ணியின் ஆக்சிஜனும் நான்கு இடம் தள்ளி வரும் கண்ணியின் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். பெட்டியில் இந்த ஹைட்ரஜன் பிணைப்புக்காகச் சிறு காந்தங்கள் பதித்திருக்கிறார்கள். வட முனை தென் முனை பார்த்து வைத்திருப்பதால் ஆக்சிஜன் ஹைட்ரஜனை மட்டுமே ஈர்க்கிறது. சுருளைச் சரியாகச் சுற்றினால் காந்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக டக் டக்கென்று ஒட்டும் சத்தம் கேட்க இனிமையாகவே இருக்கிறது.

ஆனால் தட்டைப் பலகைக்கு இரு பக்கமும், ஆல்ஃபா கார்பனில் உள்ள இரண்டு மூட்டுகள் இந்தப் பெட்டியில் தடையே இல்லாமல் 360 பாகையும் சுழல்கின்றன. பிழை எனக்கே முதலில் தெரியவில்லை. ஒருநாள் இரண்டு குழுக்கள் ஆல்ஃபா சுருள் கட்டின. இரண்டிலும் காந்தங்கள் ஒட்டின, இரண்டும் உறுதியாக நின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும் இருந்தது தெரிந்தது. இயற்கைப் புரதங்களில் ஆல்ஃபா சுருள் ஏறக்குறைய எப்போதுமே வலஞ்சுழிதான். நம் உடலின் அமினோ அமிலங்கள், கிளைசின் நீங்கலாக, இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வகைகளில் எல் என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை. அவற்றை இடஞ்சுழியாகச் சுற்றினால் பக்கச் சங்கிலி, புரதச் சங்கிலியின் நடுத்தண்டில் உள்ள அணுக்களோடு முட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் முளைக்கு முட்டத் தெரியவில்லை. அது மெலிதாகவும் உயரமாகவும் நின்று, இருக்க முடியாத உருவத்துக்கும் இடம் கொடுத்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் விற்கும் புரதப் பெட்டியில் இந்தக் குறை இருப்பது எனக்குக் கூடுதலாக உறுத்தியது. எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் முட்டிக்கொள்ளும், எவற்றில் முட்டாது என்று கணக்கிட்டு, அந்த இரண்டு மூட்டுகளின் கோணங்களையும் ஒரே சதுரப் படத்தில் வரைந்து காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் அவருடன் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும்தான். ஆண்டு 1963. சதுரத்தின் பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட வெளி. சிறு சிறு தீவுகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. ஒரு தீவில் ஆல்ஃபா சுருள், இன்னொன்றில், நீட்டிய சங்கிலிகள் பக்கம் பக்கமாகப் படுக்கும் பீட்டா மடிப்பு. இன்றும் உலகில் எந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று பார்க்க அந்தப் படத்தில் பொருத்திப் பார்க்கிறார்கள். சங்கிலிக்கு எது முடியும் என்பதைக் காட்டிலும் எது முடியாது என்பதே உருவத்தைத் தீர்மானிக்கிறது என்பதுதான் அந்தப் படத்தின் சாரம். அதைத்தான் இந்தப் பெட்டி தவறவிட்டிருக்கிறது.

நான் செய்த ஒட்டு வேலையைச் சொல்கிறேன். இதே பெட்டியை வைத்திருப்பவர்களுக்கு உதவும். ஒவ்வொரு மூட்டிலும் நகப்பூச்சால் இரண்டு கோடுகள் போட்டேன். சிவப்பு, ஆல்ஃபா சுருளுக்கு: ஏறத்தாழ −60, −45 பாகை. கறுப்பு, பீட்டா மடிப்புக்கு: ஏறத்தாழ −120, +130 பாகை. 60 கண்ணிகளுக்கும் கோணமானி வைத்துக் குறிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இப்போது பிள்ளைகள் கோடுகளைப் பொருத்தினாலே போதும், வலஞ்சுழிச் சுருள் தானாக எழுந்து வருகிறது. கிளைசின் முளை செருகிய கண்ணிகளில் மட்டும் கோட்டைப் பொருத்த வேண்டியதில்லை. முட்டுவதற்குப் பக்கச் சங்கிலி இல்லாததால் அது மற்றவை போக முடியாத கோணங்களுக்கும் போகும். புரதங்களின் திடீர்த் திருப்பங்களில் கிளைசின் அடிக்கடி தென்படுவது அதனால்தான்.

பீட்டா மடிப்பு இந்தப் பெட்டியில் சுமாராகவே வருகிறது. சங்கிலிகளை அடுத்தடுத்துப் படுக்க வைத்து, குறுக்கே காந்தங்களால் பிணைக்க வேண்டும், தூக்கினால் தொய்ந்துவிடுகிறது. பத்தமடைப் பாய் நெய்யும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் இருவர் இருந்ததால் விளக்கம் எளிதாயிற்று: கோரைகள் பக்கம் பக்கமாகக் கிடக்க, குறுக்கே ஓடும் நூல் அவற்றைப் பாயாக்குகிறது. ஆனால் உண்மையான மடிப்பில் குறுக்கே தனி நூல் கிடையாது, பக்கத்துக் கோரைகளே ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன என்று திருத்தவும் வேண்டியிருந்தது.

மஞ்சள் முளைகளைப் பற்றிக் கையேடு எழுதியிருப்பது அரைகுறை. “மஞ்சள் நிறத்தவை ஒன்றையொன்று ஈர்க்கும், ஆகவே அவற்றை உள்ளே வைத்து மடிக்கவும்” என்கிறது. மஞ்சள் முளைகளை உள்ளே தள்ளுவது முக்கியமாகச் சுற்றியுள்ள நீர்தான். நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் பிணைந்து நிற்க விரும்புகின்றன. எண்ணெய்த் தன்மை உள்ள பக்கச் சங்கிலி நடுவில் வந்தால் அதைச் சுற்றிய நீர் மூலக்கூறுகள் இறுகிய ஒழுங்கில் நின்று தங்கள் சுதந்திரத்தை இழக்கின்றன. ஆகவே அவை ஓரங்கட்டப்பட்டு உள்ளே ஒதுங்குகின்றன. ஒரு தட்டு நீரில் சில சொட்டு நல்லெண்ணெய் விட்டு, சிறு வட்டங்கள் நகர்ந்து பெரிய வட்டமாகச் சேர்வதைக் காட்டினேன். அதற்குப் பெட்டி தேவையே படவில்லை.

மாறாக, கையேட்டின் அரிவாள் செல் சோகைப் பாடம் மிக அருமையானது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் உள்ள 146 அமினோ அமிலங்களில் முதல் எட்டை மட்டும் கட்டச் சொல்கிறது: வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளூட்டாமிக் அமிலம், மறுபடி குளூட்டாமிக் அமிலம், லைசின். பிறகு ஆறாவது இடத்தின் சிவப்பு முளையைப் பிடுங்கிவிட்டு மஞ்சள் வாலினைச் செருக வேண்டும். நீர் விரும்பும் மேற்பரப்பில் ஒரு மஞ்சள் முளை துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆக்சிஜனை இறக்கிய ஹீமோகுளோபின்கள் அந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நீளமான இழைகளாகி, சிவப்பணுவையே அரிவாள் வடிவத்துக்கு இழுத்துவிடுகின்றன. நீலகிரிப் பழங்குடி மக்கள் பலரைப் பீடிக்கும் இந்நோயின் வேர் ஒற்றை முளையில் இருக்கிறது என்று ஐந்தே நிமிடத்தில் காட்ட முடிந்தது.

ரைபோசோம் என்று கொடுத்திருப்பது இரண்டு அட்டைகள். கடத்து ஆர்.என்.ஏ. அட்டைகள் ஐப்பசி மழைக்கே சுருண்டுவிட்டன. ரைபோசோமின் உருவத்தை விளக்கியதற்காக 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர் என்பதையும், பெப்டைடு பிணைப்பை உண்டாக்கும் மையம் ஆர்.என்.ஏ.வால் ஆனது என்பதையும் வாயாலேயே சொல்லிக் கடந்துவிட்டேன். பாக்டீரியாவின் ரைபோசோம் ஒரு நொடியில் ஏறத்தாழ 20 அமினோ அமிலங்களைக் கோக்கும். எங்கள் வகுப்புக்கு 51-ஐக் கோக்க ஒரு பாடவேளை முழுதும் பிடித்தது.

அன்றாட உணவோடு தொடர்புபடுத்தும் பக்கங்களில் கையேடு பாலாடைக் கட்டியையும் ரொட்டியையும் பேசுகிறது. நான் அல்வாவுக்கு மாற்றிக்கொண்டேன். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்தபின், தவிட்டோடு கையில் ரப்பர் போல ஒட்டி இழுபடும் பசை மிஞ்சுமே, அது பெரும்பாலும் குளூட்டன் என்ற புரதம்; அந்த இழுவைக்கு ஒரு காரணம், நாங்கள் பச்சை முளைகளால் போட்ட அதே கந்தகப் பாலங்கள். இட்லி மாவும் பயன்பட்டது: அரிசியில் லைசின் குறைவு, உளுந்தில் அது நிறைவு, உளுந்தில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. புரதம் சாப்பிட்டால் அது அப்படியே உடம்பில் போய் ஒட்டிக்கொள்ளுமா என்று ஒரு பையன் கேட்டான். கட்டியிருந்த இன்சுலினை அவன் கையில் கொடுத்து, டிரிப்சின் நொதி வெட்டும் இடங்களான லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்த இணைப்புகளைப் பிரிக்கச் சொன்னேன். நீர் மூடிகளைத் திரும்பப் பொருத்தினால்தான் துண்டுகளின் முனைகள் முழுமையாகும் என்பதையும் அவனே கண்டான். அவன் பாட்டி இன்சுலினை மாத்திரையாக விழுங்காமல் ஊசியாகப் போட்டுக்கொள்வது ஏன் என்ற கேள்விக்கு விடை அந்த மேசையிலேயே கிடந்தது.

உழைப்பைப் பொறுத்தவரை, கண்ணிகள் தேறும், முளைகள் சுமார், காந்தங்கள் மோசம். சித்திரை வெயிலில் இரும்பு பீரோவுக்குள் வைத்திருந்ததில் பசை இளகி 11 காந்தங்கள் உதிர்ந்தன. ஒட்டும்போது முனை மாறி ஒட்டினால் ஹைட்ரஜன் ஹைட்ரஜனை ஈர்க்கத் தொடங்கிவிடும் என்பதால் நிதானம் தேவை. கையேட்டில் தமிழ் கிடையாது, முளைகளில் உள்ள சுருக்கங்களும் ஆங்கில எழுத்துகளே. பிள்ளைகள் ஒட்டுத்தாளில் வாலி, லியூ, சிஸ், கிளை என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

செல்பேசித் திரையில் அழகழகான புரதப் படங்கள் இலவசமாகக் கிடைக்கும்போது இதற்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்று உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் கேட்டார். வரிசையைக் கொடுத்தால் உருவத்தைக் கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டு, 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்புகளை யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. 2024-இன் வேதியியல் நோபலில் பாதி அதற்குத்தான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதையும் காட்டுகிறேன். ஆனால் திரையில் தெரிவது மடிந்து முடிந்த உருவம். மடியும்போது எந்த மூட்டு திரும்பும், எது திரும்பாது என்பதை விரல்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டில் ஒரு குழந்தைக்கு விளையாட வாங்குவதென்றால் வேண்டாம். நாலு நாளில் மூலையில் கிடக்கும். பள்ளிக்கு வாங்கலாம், நகப்பூச்சும் கோணமானியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் கைவசம் இருந்தால். இன்சுலினின் 86 கண்ணிச் சங்கிலியை முழுதாகக் கட்டி, மடித்த பிறகு நடுத்துண்டை வெட்டிக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் நான் இரண்டாவது பெட்டிக்கும் பணம் கட்டியிருக்கிறேன். இம்முறை பச்சை முளைகளை எண்ணி முடிக்கும்வரை கூரியர் தம்பியை வாசலில் நிற்க வைப்பதாக இருக்கிறேன்.